ஜூடோவில் ஏன் இரண்டு வெண்கலம்? டிரா ஷீட் போடுவது எப்படி?

ஆர்.கே.புரம்வாசி

தில்லியில் பொங்கலை ஒட்டி நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஜூடோ போட்டி வைக்கிறோம். ஒரு எடைப் பிரிவில் 16 பேர், இன்னொன்றில் 11, மூன்றாவதில் 4. மேட் ஒன்றுதான். அரங்கச் சுவரில் ஒட்ட 2024 பாரிஸ் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலும் தயாராகிறது. அதில்தான் குழப்பம்.

60 கிலோவில் ஜப்பானின் நாகயாமா கால் இறுதியில் ஸ்பெயினின் காரிகோஸிடம் தோற்றார். கடைசியில் பார்த்தால் இருவர் கழுத்திலும் வெண்கலம். 52 கிலோவில் டோக்கியோ சாம்பியன் உதா அபே தோற்றது தங்கமே வென்ற உஸ்பெகிஸ்தான் வீராங்கனை கெல்தியோரோவாவிடம். ஆனாலும் அவருக்கு எந்த வாய்ப்பும் இல்லை. மல்யுத்தத்தில் இப்படி இல்லையே? எங்கள் போட்டிக்கு எந்த முறையில் டிரா (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) போடுவது?

ததாமி

நீங்கள் மனதில் வைத்திருப்பது மல்யுத்த ரெபசாஜ். அங்கே இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்குத்தான் மறுவாய்ப்பு. 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமாரும் 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக்கும் அந்த வழியில்தான் வெண்கலம் எடுத்தார்கள். ஜூடோவில் இப்போதுள்ள விதி வேறு. யாரிடம் தோற்றீர்கள் என்று பார்ப்பதில்லை, எந்தச் சுற்றில் தோற்றீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். கால் இறுதியில் தோற்ற நால்வருக்கு மட்டும் ரெபசாஜ். உதா அபே அதற்கு முந்தைய சுற்றிலேயே விழுந்துவிட்டார். எதிராளி பிறகு தங்கம் வென்றது கணக்கில் வராது. மல்யுத்த விதி என்றால் அவருக்கு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

டிராவை நான்கு பூலாக (குழுவாக) பிரியுங்கள்: ஏ, பி, சி, டி. ஏ, பி கால் இறுதிகளில் தோற்ற இருவர் தங்களுக்குள் மோத வேண்டும். சி, டி பக்கமும் அப்படியே. ரெபசாஜில் வென்றவர் வெண்கலத்துக்கு மோதுவது எதிர்ப் பாதியின் அரையிறுதியில் தோற்றவரோடு. இந்தக் குறுக்குக் கோட்டை நேர்க்கோடாகப் போட்டுவிடுவதுதான் உள்ளூர்ப் போட்டிகளில் நடக்கும் பெரிய தவறு. நேராகப் போட்டிருந்தால் நாகயாமா வெண்கலத்துக்கு மறுபடியும் காரிகோஸையே சந்தித்திருப்பார், ஒருவருக்குத்தான் பதக்கம். குறுக்காகப் போனதால் அவர் துருக்கியின் யில்டிஸை வென்றார்; காரிகோஸ் தன் பவுட்டை (மோதலை) தனியாக வென்றார்.

முடிவு எழுதும்போது 1, 2, 3, 3, 5, 5, 7, 7. நான்காம், ஆறாம், எட்டாம் இடம் கிடையாது. சான்றிதழ் அச்சடிக்கும் முன் இதைக் கவனியுங்கள்.

மேட்_ஓரம்

எண்ணிக்கையைச் சொல்கிறேன். 16 பேர் என்றால் நாக் அவுட் 15 பவுட், ரெபசாஜ் 2, வெண்கலம் 2, மொத்தம் 19. பதினோரு பேருக்கும் 16 கட்ட ஷீட்டே எடுங்கள். 5 பை (மோதாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) வரும், முதல் சுற்றில் 3 பவுட் மட்டும், மொத்தம் 14. நான்கு பேர் என்றால் ரெபசாஜே வேண்டாம், எல்லோரும் எல்லோரோடும், 6 பவுட். ஆக 39. பவுட் 3 நிமிடம் என்று வைத்தாலும் கூப்பிடுவது, வணங்குவது, பெல்ட் கட்டுவது எல்லாம் சேர்த்து 5 நிமிடம் போகும். மூன்றே கால் மணி நேரம். ஹாலை நாலரை மணி நேரத்துக்குக் கேளுங்கள்.

பை எல்லாவற்றையும் ஷீட்டின் அடியில் குவித்துவிடாதீர்கள். ஒரு பாதிக்காரர்கள் களைத்தும் மறு பாதிக்காரர்கள் புத்துணர்ச்சியோடும் அரையிறுதிக்கு வருவார்கள். தரவரிசை இருந்தால் ஏ-யில் 1, 8; பி-யில் 4, 5; சி-யில் 2, 7; டி-யில் 3, 6. முதல் ஐந்து பேருக்கு பை. ஒரே வகுப்பில் பயிலும் இருவரை எதிர் எதிர்ப் பாதியில் போடுங்கள். உலக சாம்பியன்ஷிப்பிலும் ஒரே நாட்டின் இருவரை அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

வரிசைதான் உண்மையில் சிக்கல். இரண்டு பவுட்டுக்கு இடையில் 10 நிமிட ஓய்வு ஒருவருக்கு உரிமை. கால் இறுதி, ரெபசாஜ், அரையிறுதி, வெண்கலம், இறுதி என்று ஒரே பிரிவை மூச்சுவிடாமல் ஓட்டினால் அரையிறுதியில் தோற்ற பிள்ளை உடனே வெண்கலத்துக்கு நிற்க வேண்டியிருக்கும். மேட் ஒன்றே என்பதால் 16 பேர் பிரிவையும் 11 பேர் பிரிவையும் சுற்றுக்குச் சுற்று மாற்றி மாற்றி நடத்துங்கள். நால்வர் பிரிவின் பவுட்களைக் கடைசிச் சுற்றுகளுக்கு இடையில் செருகுங்கள்.

ஷிடோ_மூன்று

மேலே சொன்னதோடு இதையும் சேருங்கள். மூன்று ஷிடோ (சிறு தண்டனை) வாங்கித் தோற்றவர் ரெபசாஜுக்கு வரலாம். ஜூடோ ஒழுக்கத்துக்கு எதிரான செயலுக்காக நேரடி ஹன்சோகு-மாகே (தகுதி நீக்கம்) வாங்கியவர் வர முடியாது. ரெபசாஜில் அவருடைய எதிராளி மோதாமலே மேலே போவார். மேசையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கேதான் பெற்றோர் சண்டை வரும்.

2025 முதல் யூகோ (மிகச் சிறிய புள்ளி) திரும்பி வந்துவிட்டது, பழைய ஸ்கோர் தாளை எடுக்காதீர்கள். அமுக்கிப் பிடித்தால் 5 நொடி யூகோ, 10 நொடி வாசா-ஆரி (அரைப் புள்ளி), 20 நொடி இப்போன் (பவுட்டை அங்கேயே முடிக்கும் முழுப் புள்ளி). இரண்டு வாசா-ஆரி சேர்ந்தால் இப்போன். யூகோ எத்தனை சேர்ந்தாலும் வாசா-ஆரி ஆகாது. பெரியவர்களுக்கு கோல்டன் ஸ்கோருக்கு (சமநிலையில் தொடரும் கூடுதல் நேரம்) வரம்பே இல்லை. பிள்ளைகளுக்கு 2 நிமிடத்தில் நிறுத்தி நடுவர் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து நெரிப்பும் முழங்கைப் பூட்டும் சின்னவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆர்.கே.புரம்வாசி

மிக்க நன்றி. சுவர்ப் பட்டியலில் மொத்தம் எத்தனை பதக்கம் வர வேண்டும்? கூட்டிப் பார்த்தால் 56தான் வருகிறது.

ததாமி

கலப்பு அணியை விட்டிருப்பீர்கள். தனிநபர் 14 பிரிவு × 4 = 56, அணிக்கு 4, மொத்தம் 60. அணிப் போட்டியில் பிரான்ஸ் தங்கம், ஜப்பான் வெள்ளி, பிரேசிலும் தென் கொரியாவும் வெண்கலம். இறுதி 3-3 என்று நின்றது. குலுக்கலில் ஆண்கள் 90 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு விழ, தெடி ரினேர் சைதோவை வீழ்த்தினார். பட்டியலைத் தங்கத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஜப்பான் மேலே: 3 தங்கம், மொத்தம் 8. பிரான்ஸுக்கு 2 தங்கம்தான், ஆனால் மொத்தம் 10. எந்த முறை என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு தாள் ஒட்டுங்கள், பிள்ளைகள் அதைத்தான் நின்று படிப்பார்கள். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் சுஷீலா தேவி 48 கிலோ வெள்ளி, தூலிகா மான் 78 கிலோவுக்கு மேல் வெள்ளி, விஜய் குமார் யாதவ் 60 கிலோ வெண்கலம். விஜய் கால் இறுதியில் தோற்று ரெபசாஜ் வழியாக வந்தவர், உங்கள் ஷீட்டை விளக்க அவர் பெயரே போதும். அதே ஆண்டு சரயேவோவில் லிந்தோய் சனம்பம் கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) உலக சாம்பியன், 57 கிலோ. பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் ஜே1 (பார்வையற்றோர் பிரிவு) 60 கிலோ வெண்கலம். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது.

மேட்_ஓரம்

நால்வர் பிரிவுக்கு ஒன்று விட்டுப்போச்சு. மூன்று பேர் ஆளுக்கு இரண்டு வெற்றியோடு நிற்பது அடிக்கடி நடக்கும். சமமானால் இப்போன் எண்ணிக்கை, அதிலும் சமமானால் வெல்ல எடுத்த மொத்த நேரம் குறைந்தவர் என்று காலையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்கு நேரக் காப்பாளர் ஒவ்வொரு வெற்றியின் நொடியையும் ஷீட்டில் குறிக்க வேண்டும்.