புதுப்பிப்பு: டாட்டூ ஆறிவிட்டது, நாய்க்குத்தான் கோபம்

முன்கையில் டாட்டூ போட்டுக்கொண்டு காரைக்குடி வீட்டுக்கு வந்திருக்கிறேன், வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனையும் இருக்கின்றன, எப்படிச் சமாளிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

தோல் உரிந்து முடிந்துவிட்டது. முதல் நாலு நாள் டாட்டூ போட்டவர் ஒட்டிவிட்ட மெல்லிய படலம் காப்பாற்றியது. அதைப் பிரித்த அன்றுதான் வம்பு. முற்றத்தை ஒட்டிய ஆத்தங்குடிக் கல் தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று படுத்தேன், கண் அசந்த நேரத்தில் நாய் வந்து ஒரே நக்கு. "நாய் எச்சில் பட்டால் புண் ஆறும்டா" என்றார் அப்பத்தா. ஆறாது அப்பத்தா. நாய், பூனை வாயில் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் உண்டு, புது டாட்டூ திறந்த புண் மாதிரிதான். உடனே வாசனையில்லாத சோப்புப் போட்டுக் கழுவினேன், நல்லவேளை, வீக்கமோ சீழோ இல்லை.

அப்புறம் களிம்பு. துத்தநாக ஆக்சைடு கலந்ததை நாய் நக்கித் தின்றால் அதற்கும் ஆபத்து, அதனால் அது இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். மூன்று வாரமும் தொளதொள பருத்திச் சட்டை, தினம் துவைத்த விரிப்பு, சாத்திய கதவு. கதவுக்கு வெளியே ராத்திரி முழுக்க ஒரே முனகல்.