ஏவரி ஜான்சன்: ஆட்டக்காரராகப் பெரியவரா, கோச்சாகவா?

கார்னர்_ஷாட்:
சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டேவிட் ராபின்சனும் டிம் டங்கனும் பனைமரம் மாதிரி நிற்கிறார்கள், நடுவே ஆறடிகூட இல்லாத ஏவரி ஜான்சன். டிராஃப்ட்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாரும் எடுக்காதவர், தூரத்து ஷாட்டும் சுமார்தான். எப்படி 16 சீசன் ஆடினார்?

பழைய_ஸ்பர்ஸ்_ரசிகன்:
பாஸ்தான் அவர் சொத்து. சதர்ன் பல்கலைக்கழகத்தில் 1987-88 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 13.3 அசிஸ்ட் (அடுத்தவர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்), அமெரிக்கக் கல்லூரிகளிலேயே முதலிடம். அப்படியும் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அவரைப் பந்தாடியது. 1990-ல் டென்வர் அணி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெளியே அனுப்பியது. நல்ல நாள் பார்த்தார்கள்!

ஷாட் சுமார் என்பது எதிரணிக்கும் தெரியும். அவரை விட்டுவிட்டு டங்கன்மேல் இருவராகப் பாய்வார்கள். 1999 இறுதித் தொடர், ஐந்தாவது ஆட்டம், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். நிக்ஸ் 77, ஸ்பர்ஸ் 76. ஷான் எலியட் பாஸ் கொடுக்க, இடது ஓரத்தில் நின்ற ஏவரி எறிந்தார். உள்ளே! மிச்சம் 47 விநாடி. அதன்பின் யாருமே புள்ளி எடுக்கவில்லை. ஸ்பர்ஸுக்கு முதல் சாம்பியன் பட்டம். அந்த ஒன்று போதும் எனக்கு.

மாவ்ஸ்_41:
கோச்சிங் கதையை வசதியாக விட்டுவிட்டீர்களே. 2005 மார்ச்சில் கோச் டான் நெல்சன் விலக, டல்லாஸ் மாவரிக்ஸ் அணி இவர் கைக்கு வந்தது. 2006-ல் சிறந்த கோச் விருது. அதே வருஷம் இறுதித் தொடரில் மயாமிக்கு எதிராக 2-0 முன்னிலை, அப்புறம் வரிசையாக நான்கு தோல்வி. சரி, அது யாருக்கும் நடக்கும். அடுத்த வருஷம்தான் என்னால் ஜீரணிக்க முடியாதது. 67 வெற்றியோடு முதலிடத்தில் வந்த அணி, எட்டாமிடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே 4-2 எனத் தோற்றது. எதிரணி கோச் அதே நெல்சன். முதல் ஆட்டத்திலேயே ஏவரி தன் சென்டரை (கூடையருகே ஆடும் உயரமானவர்) உட்காரவைத்து உயரம் குறைந்த அணியை இறக்கினார். 67 ஆட்டம் ஜெயித்தவன் எதற்கு மாற வேண்டும்? எதிராளிதான் மாறட்டும்.

பழைய_ஸ்பர்ஸ்_ரசிகன்:
அந்த முடிவுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். பிறகு நெட்ஸ் அணியில் கிடைத்த கோச் வேலையும் நீடிக்கவில்லை. ஆனால் அலபாமா பல்கலைக்கழக கோச்சாக 2017 நவம்பரில் மினசோட்டாவுடன் ஒரு ஆட்டம், அதைப் பாருங்கள். கைகலப்பில் பெஞ்சில் இருந்தவர்கள் களத்துக்குள் வந்ததால் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். ஒருவர் ஐந்து ஃபவுலில் போனார், இன்னொருவருக்குக் கணுக்காலில் காயம். கடைசிப் பத்து நிமிடம் மூன்றே பேர், எதிரே ஐந்து பேர். காலின் செக்ஸ்டன் 40 புள்ளி. 89-84 என்றுதான் தோற்றார்கள்.

கார்னர்_ஷாட்:
மூன்று பேரா?! இன்றிரவே தேடிப் பார்க்கிறேன்.

மாவ்ஸ்_41:
பாருங்கள். அதுவும் தோல்விதான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன் :)