அபார்ட்மெண்ட் ஆராதனை ஒத்திகை: சுருதி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்

பிளாக்_சி_கோஷ்டி:

தியாகராஜ ஆராதனைக்குக் குடியிருப்பில் பஞ்சரத்னம் (தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள்) பாடுவதாக ஏற்பாடு. பெண்கள் ஒன்பது பேர், ஆண்கள் நான்கு பேர், வயலின் ஒன்று, மிருதங்கம் ஒன்று. யாரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை. ஒத்திகை நடப்பது கிளப் ஹவுஸில்: டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், ஏசி. தொல்லைகளை அப்படியே கொட்டிவிடுகிறேன்.

ஆதார சுருதி பெண்களுக்கு 5 கட்டை (ஜி), ஆண்களுக்கு 1 கட்டை (சி). சமரசமாக 3 கட்டை வைத்தோம், இருதரப்புக்கும் திருப்தி இல்லை. முதல் கீர்த்தனையான நாட்டையில் சுருதி சேர்த்த மிருதங்கம், மூன்றாவதான ஆரபி வருவதற்குள் சுருதி மாறிவிடுகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் நாதத்துக்காக ஒட்டிய ரவை நடுவில் கழன்று மடியில் விழுகிறது. வயலின் தந்தியை முறுக்கும் பிரடை 'டுர்'ரென்று அவிழ்கிறது. எந்தக் கீர்த்தனையை எடுத்தாலும் கடைசிச் சரணத்தில் ஓட்டமும் நடையும்தான். போதாததற்கு, பஞ்சரத்னம் முடிந்ததும் ஒரு மாமி நாதநாமக்ரியா ராகத்தில் ஓர் உருப்படி பாடுகிறார். அவர் சுத்தமாகத்தான் பாடுகிறார், ஆனால் தம்புராவோடு கேட்டால் காதில் குத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கு_எச்சு:

மிருதங்கத்தை முதலில் பார்ப்போம். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து சுருதி இறங்கும், உலர்ந்தால் இறுகி ஏறும். மார்கழி, தை மாலையில் வெளிக்காற்றில் ஈரம் இருக்கும். அந்தக் காற்றில் வந்த வாத்தியத்தை ஏசி அறைக்குள் வைத்தவுடன் சேர்த்தால், அது உலர உலரச் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஏசியைப் போட்டு, உறையைக் கழற்றி, வாத்தியத்தை அரை மணி நேரமாவது அறையில் வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். ஏசிக் காற்று நேராக வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) படும் இடத்தில் உட்காரவே கூடாது. பாதியில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறக்கும் புண்ணியவான் ஒருவர் எல்லாக் கோஷ்டியிலும் உண்டு. ரிமோட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் முறை: மூட்டில் (தோலைச் சுற்றியுள்ள பின்னல் வளையத்தில்) பதினாறு கண் இருக்கும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்துச் சுருதியை ஏற்றினால் அந்தப் பக்கம் மட்டும் இறுகும், ஐந்தே நிமிடத்தில் மற்றப் பக்கங்கள் அதைக் கீழே இழுத்துவிடும். ஒவ்வொரு கண்ணுக்கு நேராகவும் ஓரத்து மீட்டுத் தோலைத் தட்டிக் கேளுங்கள். எங்கே தணிந்திருக்கிறதோ அங்கே மூட்டின் மேல் மரக்கட்டையை வைத்துக் கல்லால் லேசாக அடித்து ஏற்றுங்கள், அடுத்து அதற்கு நேர் எதிர்க் கண்ணைப் பாருங்கள். கூடியிருக்கும் இடத்தில் மூட்டின் அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். பதினாறும் ஒரே சுருதியில் பேசினால்தான் வாத்தியம் நிற்கும். எட்டு கண் சரியாக இருந்து எட்டு கண் இல்லையென்றால் டியூனர் செயலி ஆளுக்கொரு பேச்சுப் பேசும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நட்டு போல்ட் வைத்த மிருதங்கமென்றாலும் கணக்கு இதேதான்: எதிரெதிராக, கால் கால் திருப்பாக.

அடுத்தது ரவை. வறுக்காத மெல்லிய வெள்ளை ரவையை எடுத்துக்கொள்ளுங்கள், கோதுமை ரவை வேண்டாம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாக வந்ததும் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். ஊறாத ரவை தோலில் ஒட்டியபிறகுதான் தண்ணீரைக் குடிக்கும், அப்போது வெடித்துக் கழன்று விழும். உங்கள் மடியில் விழுவது பெரும்பாலும் இந்த வகை. தொப்பியின் நடுவை ஈரத்துணியால் துடைத்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டையை வைத்து, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிந்தும் வட்டமாகத் தேயுங்கள். நாதம் சன்னமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். அடித்தால் 'தொம்' அமுங்கிப்போனால் கிள்ளி எடுத்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலை நனைத்து மேலே தடவினால் போதும். தண்ணீர் வழியும் அளவுக்கு ஊற்றினால் தோல் ஊறித் தளர்ந்து தொப்பி பேசாது. முடிந்ததும் சுரண்டி எடுத்துத் துடையுங்கள். அப்படியே உறைக்குள் போட்டால் எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்த மாதிரி, ரவையோடு தோலும் போய்விடும்.

நாலாம்தந்தி:

3 கட்டை பற்றி ஒரு விஷயம். 3க்கும் 4க்கும் இடையே அரைக்கட்டை கிடையாது, அவை அடுத்தடுத்த சுரங்கள். 1, 1½, 2, 2½, 3, அதற்கடுத்து நேராக 4. யாராவது "மூன்றரை வையுங்கள்" என்றால் அவர் ஒன்று மூன்றைச் சொல்கிறார் அல்லது நாலைச் சொல்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்படி 5லிருந்து 3க்கு வந்தால் பெண்களுக்கு மூன்று அரைச்சுரம் கீழே. 1லிருந்து 3க்குப் போனால் ஆண்களுக்கு நான்கு அரைச்சுரம் மேலே. ஆண்கள் கத்துவது அதனால்தான். 2½ வைத்தால் ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு நான்கு. ஒன்பது பெண்கள் இருப்பதால் மந்தரத்தில் (கீழ் ஸ்தாயியில்) ஒலி குறைந்தாலும் எண்ணிக்கை ஈடுகட்டும். நான்கு ஆண்கள் மேலே நரம்பு புடைக்கப் பாடினால் அந்த நான்கு குரல்தான் மொத்தக் கோஷ்டியிலும் தனியாகக் கேட்கும். 2½ என் ஓட்டு. மந்தர ஸ்தாயிப் பிரயோகங்களை ஆண்கள் தாங்கட்டும், பெண்கள் அங்கே குரலைத் தணித்து உதடசைத்தால் போதும். தாரத்தில் (மேல் ஸ்தாயியில்) நேர்மாறு.

சுருதிக்கு ஒரே ஒரு கருவி. பழைய சுருதிப் பெட்டியும் ஃபோன் செயலியும் சேர்ந்து ஓடக்கூடாது. பெட்டியின் நுண்சுருதிக் குமிழ் யார் கையாவது பட்டு நகர்ந்திருக்கும். ஒன்று 156 ஹெர்ட்ஸ், மற்றது 158 என்றால் நொடிக்கு இரண்டு முறை 'வ்வாங் வ்வாங்' என்று அலையடிக்கும், அதை நடுவில் வைத்துக்கொண்டு யாராலும் சேர்ந்து பாட முடியாது. ஃபோனின் சொந்த ஒலிபெருக்கியும் உதவாது. 2½ கட்டையின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 78 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் அது வரவே வராது, மேல் அனுசுரங்கள் மட்டுமே கேட்கும். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் இணைத்துக் கோஷ்டியின் நடுவில் வையுங்கள். ஃபோன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். கடைசிக் கீர்த்தனையான எந்தரோவின் நடுவில் கூரியர்க்காரர் கூப்பிடுவார்.

வயலின் பிரடை அவிழ்வதற்கு மூன்று காரணம் உண்டு. பிரடை ஒரு கூம்பு, உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் பிடிக்கும். பலர் திருப்ப மட்டும் செய்கிறார்கள். தந்தியைச் சுற்றும்போது கடைசிச் சுற்று பிரடைப் பெட்டியின் சுவரை ஒட்டி வரவேண்டும், அதுவே பிரடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். சுவரை மீறி ஏறினாலும் கெடுதல், இறுகி உடையும். மூன்றாவது, பிரடை பளபளவென்று தேய்ந்துபோயிருப்பது. கழற்றி, சுவரைத் தொடும் இரண்டு வளையங்களில் மட்டும் சாக்பீஸ் தேய்த்துப் போடுங்கள். அதற்கு மாறாக இறுகித் திரும்பாமல் இருந்தால் உலர்ந்த சோப்பு ஒரு கீற்று. எண்ணெய் கூடவே கூடாது.

எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். அழுத்தம் போனால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் குச்சி சாய்ந்துவிடும், நிகழ்ச்சிக்கு முதல் நாள் ரிப்பேர்க்காரரைத் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஏற்றிச் சேர்க்கும்போதெல்லாம் தந்திகளைத் தாங்கும் குதிரையின் தலை பிரடைப் பக்கம் சாயும், அதன் வால் பக்கத்துச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்த்து இரு கையாலும் மெல்ல நிமிர்த்துங்கள். புதுத் தந்தி இழுபட்டு நிலைக்கச் சில நாளாகும், ஆராதனைக்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

5 கட்டை என்றால் நான்கு தந்தியும் ஜி-டி-ஜி-டி. கடையில் கிடைக்கும் சாதாரண செட் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். 2½க்கு அதிலிருந்து நான்கு அரைச்சுரம் இறக்க வேண்டும், மெல்லிய தந்தி தொளதொளக்கும், வில்லை அழுத்தினால் சுருதி விலகும். கனத்த தந்தி போடுங்கள். கடைசியாக ஒன்று: கமகம் வழுக்க விரலில் தேங்காய் எண்ணெய் தொடுகிறவர்கள், அதே விரலால் வில்லின் முடியைத் தொடவேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் எத்தனை ரோசின் போட்டாலும் பிடிக்காது.

தக்கு_எச்சு:

2½க்கு நானும் சம்மதம், ஆனால் வேறு காரணத்துக்காக. கோஷ்டியிடம் இருப்பது தக்கு மிருதங்கமா எச்சு மிருதங்கமா? பொதுவாக 24 அங்குல நீளத்தில் இருப்பது தக்கு, ஆண் சுருதிக்கு. 22 அங்குலத்தில் இருப்பது எச்சு, பெண் சுருதிக்கு. ஒரு வாத்தியத்தை அது செய்யப்பட்ட சுருதியிலிருந்து அரைக்கட்டை இப்படி அப்படி நகர்த்தலாம். அதற்கு மேல் இழுத்தால் வார் அறும் அல்லது கரணை (வலந்தலை நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) வெடிக்கும், கீழே விட்டால் சாப்பு அடியின் நாதம் செத்துப்போகும். 5க்குக் கட்டிய எச்சு 3க்கு வரவே வராது. 2 கட்டைத் தக்கு இருந்தால் 2½ கிடைக்கும். பாடகர்களைக் கேட்டுச் சுருதி வைப்பதைவிட மிருதங்கத்தைக் கேட்டு வைப்பது சண்டையைக் குறைக்கும்.

கார்வை:

ஓட்டத்துக்கு மிருதங்கக்காரரைத் திட்டாதீர்கள், அவர் பாட்டைத்தான் பின்தொடர்கிறார். காரணம் கார்வை, அதாவது சுரத்தை நீட்டி நிறுத்தும் இடம். பஞ்சரத்னத்தின் ஒவ்வொரு சரணத்திலும் முதலில் சுரம், அதன்பின் சாகித்தியம். சுரத்தின் முடிவில் மூச்சு வாங்குவதற்காகக் கார்வையை அரை அட்சரம் முன்பே வெட்டிவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். பதின்மூன்று பேரில் மூன்று பேர் அப்படிச் செய்தால் போதும், மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து ஓடுவார்கள். மருந்து: மூச்சு வாங்கும் இடங்களைத் தாளில் குறித்துவிடுங்கள், ஒவ்வொரு வரிசையிலும் பாதிப் பேர் ஓரிடத்திலும் மீதிப் பேர் அடுத்த சொல்லிலும் மூச்சு வாங்கட்டும். கார்வை முழுதாக நிற்கும்.

எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க வழி இருக்கிறது. ஐந்துமே ஆதி தாளம். ஒத்திகையைப் பதிவு செய்து, பல்லவியின் ஓர் ஆவர்த்தனத்தையும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கடைசிச் சரணத்தின் ஓர் ஆவர்த்தனத்தையும் ஸ்டாப் வாட்ச்சில் பிடியுங்கள். 8 நொடி 7 ஆகியிருந்தால் வேகம் ஏழில் ஒரு பங்கு கூடிவிட்டது. கடைசிச் சரணத்திலிருந்து பின்னோக்கி ஒத்திகை பார்ப்பதும் நல்லது, எப்போதும் முதலிலிருந்தே ஆரம்பித்தால் கடைசிப் பகுதி களைப்போடு மட்டுமே பழகும்.

தாளம் போடுவது ஒருவர், எல்லாருக்கும் தெரியும் இடத்தில். மற்றவர்கள் தொடையில் ஓசையில்லாமல் போடட்டும். டைல்ஸ் அறையில் பதின்மூன்று கை தட்டினால் எதிரொலியே இன்னொரு தாளம் போடும். ஜமுக்காளம் விரித்து, கண்ணாடிப் பக்கம் திரையை இழுத்துவிட்டால் பாதிச் சத்தம் அடங்கும். புளூடூத் ஸ்பீக்கரில் தம்புரா ஓடினால் பாதகமில்லை. தாளச் செயலியை அதில் ஓடவிட்டால் ஃபோன் திரையைப் பார்க்கிறவருக்கு ஒரு தட்டு, காதில் கேட்கிறவருக்குச் சற்றுப் பிந்தி ஒரு தட்டு.

பாடாந்தரச் சண்டை (யார் கற்ற முறை சரி என்பது) இன்னும் வரவில்லை போலிருக்கிறது, வரும். ஒரே ஒரு நொட்டேஷன், ஒரே ஒரு ஒலிப்பதிவு என்று இப்போதே தீர்மானித்துவிடுங்கள். ஒத்துப்போகாத சங்கதியை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவத்தை) விவாதிக்காமல் விட்டுவிடுங்கள், கோஷ்டி கானத்தில் சங்கதி குறைந்ததென்று யாரும் எழுந்து போவதில்லை. சாகித்தியம் தெலுங்கு, சமஸ்கிருதம் என்பதால் தமிழெழுத்துப் பிரதியில் க, ச, ட, த, ப மேல் உச்சரிப்பைக் காட்டும் 2, 3, 4 எண் போட்ட பதிப்பையே எல்லாருக்கும் நகலெடுங்கள். எண் இல்லாத பிரதியில் இரண்டாவது கீர்த்தனையின் 'துடுகு'வை ஆளுக்கொரு விதமாகப் பாடுவார்கள். நான்காவது கீர்த்தனையின் ராகமான வராளியை நேரடியாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று யாராவது ஆட்சேபித்தால், ஒலிப்பதிவைப் போட்டு எல்லாரும் கேட்டுப் பாடம் பண்ணுங்கள், அவருக்கும் சமாதானம்.

இனி அந்த மாமி. அவர் பாடுவது மத்யம சுருதியில். மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடும்போது உங்கள் தம்புராவின் பழைய பஞ்சமம் அவருக்குச் சதுச்ருதி ரிஷபமாகிறது. நாதநாமக்ரியாவுக்கோ சுத்த ரிஷபம். இரண்டும் அரைச்சுர இடைவெளியில் மோதுகின்றன, காதில் குத்துவது அதுதான். செயலியில் ப என்பதை ம என்று மாற்றுங்கள், கட்டையைத் தொட வேண்டாம். மிருதங்கத்தையும் தொட வேண்டாம், பழைய ஷட்ஜம் அவருக்குப் பஞ்சமமாகி இசைந்துபோகும். வயலின்காரர் விரல் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பிளாக்_சி_கோஷ்டி:

மூவருக்கும் நன்றி. இருப்பது 2 கட்டைத் தக்கு, அதனால் 2½ என்று முடிவு. உட்காரும் இடம் மட்டும் சொல்லுங்கள்.

தக்கு_எச்சு:

பாடுகிறவர்களுக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். வலக்கைக்காரர் வாசித்தால் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். தாளம் போடுகிறவரை மிருதங்கக்காரருக்கு நேர் எதிரே உட்கார வையுங்கள், நடுவில் மைக் ஸ்டாண்டோ குத்துவிளக்கோ மறைக்கக்கூடாது.

நாலாம்தந்தி:

வயலின்காரரின் வில் கைப்பக்கம் ஒரு முழம் இடம் விடுங்கள். ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்தால் முதல் பலி பக்கத்திலிருப்பவரின் மூக்குக் கண்ணாடி.