எஸ்சிடலோபிராம் மெதுவாகக் குறைக்க உதவி தேவை

வணக்கம். நாங்கள் திருமங்கலம். அக்கா பல வருடமாக மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் 10 மி.கி. சாப்பிட்டு வந்தாள். நன்றாக இருக்கிறாள் என்று மருத்துவரே 5 மி.கி.க்கு இறக்கினார், சிக்கலில்லை. அதையும் நிறுத்தியதும் ஆரம்பித்தது: தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கிறதாம், கிறுகிறுப்பு, சும்மா சும்மா அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று அம்மா பயந்தே போனார். ஆனால் நிறுத்திய சில நாளிலேயே, முன்பு இல்லாத கிறுகிறுப்போடு வந்தால், பெரும்பாலும் அது மருந்தை விட்டதால் வரும் தொந்தரவுதான். மறுபடி 5 கொடுத்ததும் அடங்கிவிட்டது.

குறைந்த அளவிலேயே இந்த மருந்து மூளையில் கணிசமாக வேலை செய்வதால், கடைசியில்தான் இன்னும் சின்னச் சின்னதாகக் குறைக்க வேண்டும். ஆனால் அந்தக் குட்டி மாத்திரையை பிளேடால் நறுக்கினால் பாதி தூளாகிவிடுகிறது.

மதுரையில் மாதக்கணக்கில் பொறுமையாகக் குறைத்துக்கொடுக்கும் மனநல மருத்துவர் யாரையாவது தெரியுமா? பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? திரவமாகக் கிடைக்குமா, எந்தக் கடையில்?

அப்புறம், ‘மாத்திரையைத் தூக்கிப் போடு, கஷாயம் குடி’ வகை யோசனைகள் சொந்தக்காரர்களிடமே ஏராளமாகக் கிடைக்கின்றன, அவை வேண்டாம். 14416 டெலிமானஸில் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்) இது பற்றிப் பேசியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.