ஒரே தேடல் வரி: பப்மெட்டில் சில நூறு, வெப் ஆஃப் சயன்ஸில் பல ஆயிரம். எங்கே தப்பு?

வேப்பங்குச்சி:
ஏடிஸ் கொசுப் புழுக்கள் மீது வேம்பு எப்படி வேலை செய்கிறது என்று இலக்கிய மீளாய்வு எழுதுகிறேன். பப்மெட், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்திலும் ஒரே வரியைத்தான் ஒட்டினேன். தமிழ் எழுத்தில் சொன்னால்: நீம் ஆர் (அல்லது) அசாடிராக்டின் அண்ட் (மற்றும்) ஏடிஸ். அசாடிராக்டின் என்பது வேம்பில் உள்ள பூச்சிகொல்லி வேதிப்பொருள். பப்மெட்டில் சில நூறு வந்தது. வெப் ஆஃப் சயன்ஸில் பல ஆயிரம்! முதல் பக்கத்திலேயே வேப்பெண்ணெய் பயோடீசல், புண்ணாக்கு உரம். கொசுவையே காணோம். திங்கட்கிழமை கைடு எண்ணிக்கை கேட்பார்.

சுண்டக்காய்:
பப்மெட் மருத்துவம், உயிரியல் பக்கம்தான். வேளாண்மை, வேதியியல் அங்கே குறைவு. வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

வேப்பங்குச்சி:
அது சரி அண்ணா, ஏடிஸ் தேடலில் பயோடீசல் ஏன் வருகிறது?

நூலகப் பூனை:
அடைப்புக்குறி போடவில்லை, அதுதான். பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும்: நீம் அல்லது அசாடிராக்டின், அப்புறம் அவற்றில் ஏடிஸ் உள்ளவை. வெப் ஆஃப் சயன்ஸ், கணக்கில் கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வதுபோல, 'அண்ட்'டை முதலில் முடித்துவிடும். ஆக, அசாடிராக்டினுக்கு மட்டும்தான் ஏடிஸ் நிபந்தனை. நீம் என்று எங்கே இருந்தாலும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. நீமையும் அசாடிராக்டினையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

இன்னொன்று. பப்மெட்டில் நீம் என்று தட்டினால் அசாடிராக்டா (வேம்பின் பேரினப் பெயர்) என்ற மெஷ் தலைப்பையும், அதாவது கட்டுரைகளை வகைப்படுத்தக் கொடுக்கும் பொருள் தலைப்பையும், தானாகவே சேர்த்துக்கொள்ளும். அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் விவரத்தை விரித்தால் தெரியும். வெப் ஆஃப் சயன்ஸில் அதை நீங்கள்தான் 'ஆர்' போட்டுச் சேர்க்க வேண்டும்.

வேப்பங்குச்சி:
போட்டேன், நூறுகளுக்கு இறங்கிவிட்டது! ஆனால் கைடு கொடுத்த 1980களின் கட்டுரை ஒன்று பப்மெட்டில் வருகிறது, இங்கே வரவில்லை. தலைப்பில் ஏடிஸ் இல்லை, 'யெல்லோ ஃபீவர் மஸ்கிட்டோ' என்றுதான் இருக்கிறது.

நூலகப் பூனை:
அதுவும் ஒரு ஏடிஸ் கொசுவின் பெயர்தான். பப்மெட்டில் மெஷ் காப்பாற்றியிருக்கும். வெப் ஆஃப் சயன்ஸில் 1991க்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் சுருக்கம் இருக்காது. தலைப்பில் இல்லாத சொல் மாட்டாது. ஏடிஸோடு அந்தப் பெயரையும் 'ஆர்' போட்டு, அதற்குத் தனி அடைப்புக்குறி கொடுங்கள். இறுதி வரியையும் தேடிய தேதியையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள், பிரிஸ்மா படம் (எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனை கழிந்தது என்று காட்டும் படம்) போடும்போது கேட்பார்கள்.

வேப்பங்குச்சி:
வந்துவிட்டது, நன்றி! பழைய வரியை நம்பி மூன்று வாரம் சுருக்கங்கள் படித்திருக்கிறேன். பயோடீசல் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.