முன்பதிவும் மூன்றாம் கணக்கும்: மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

ஒன்பது மில்லி, செராஸ்

மாடல் ரயில் என்றதும் எல்லாரும் கேட்பது "ஒரு என்ஜின் என்ன விலை?" என்றுதான். 200, 300 வெள்ளி என்று சொன்னால் வாயைப் பிளப்பார்கள். நான் பார்த்தவரை கையைக் கடிப்பது முன்பதிவு. நம்மில் பலர் வைத்திருப்பது ஜப்பானிய 'N' கேஜ், அதாவது ஒன்பது மில்லி அகலத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயில். இதைத் தயாரிக்கும் காட்டோ, டோமிக்ஸ் நிறுவனங்கள் ஒரு வண்டியை வருடம் முழுக்கத் தயாரித்துக்கொண்டிருப்பதில்லை. பல மாதம் முன்னதாக அறிவிப்பார்கள், ஒரு தடவை போடுவார்கள், தீர்ந்தால் அடுத்து எப்போது வரும் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அதனால் அறிவிப்பைப் பார்த்த கையோடு கடையில் பெயர் கொடுத்துவிடுகிறோம். அன்றைக்குக் காசு போகாது. வினையே அங்கேதான்.

ஆபீசில் ஒரு தம்பி, என்னைப் பார்த்து இதில் இறங்கியவர். வெவ்வேறு மாதங்களில் பெயர் கொடுத்த வண்டிகள் எல்லாம் தீபாவளிக்கு முந்தைய வாரம் சேர்ந்தாற்போல் வந்து இறங்கின. "எடுத்துக்கிறீங்களா, வேற ஆளுக்குத் தள்ளிடவா?" என்று கடையில் கேட்க, தம்பி அங்கேயே இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஆப்பைத் திறந்துவிட்டார். 2024 மே மாதம் மூன்றாம் கணக்கு வந்ததிலிருந்து குறைந்தது 50 வெள்ளி என்று எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமே. மாதாமாதம் போடும் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் விழுகிறது. மறு வாரம் முழுக்க மதியத்துக்கு மேகி கப் கொண்டு வந்தார். கேட்டால் டயட்டாம்.

எங்கள் வீட்டில் என் மனைவி போட்ட சட்டம் இது: பெயர் கொடுக்கிற அன்றே முழுத் தொகையையும் தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். தபால் செலவு, வரி உட்பட. 2024 ஜனவரியிலிருந்து 500 ரிங்கிட்டுக்கு மிகாமல் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கினாலும், பதிவு செய்த விற்பனையாளர் 10 விழுக்காடு விற்பனை வரி பிடிக்கிறார். யென் சரிந்துவிட்டது, இப்போதே வாங்கு என்று குதிப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொருள் வர ஆறேழு மாதம் இருக்கும்போதே காசு கையை விட்டுப் போய்விடுவதால் பாதி ஆசை தானாகவே அடங்கிவிடுகிறது. மிச்சப் பாதிக்கு வீட்டில் இடம் இல்லை! காண்டோவில் எனக்குக் கிடைத்தது ஒரு பழைய கதவு, இரண்டு மடக்குக் கால்கள். அதுதான் என் ரயில் மேசை. 282 மில்லி ஆரமுள்ள வளைவைப் போட்டு வட்டம் கட்டினால் அகலம் மட்டும் 60 சென்டி பிடிக்கிறது. அதற்குள் எத்தனை பெட்டி நிறுத்த முடியும் சொல்லுங்கள்.

இன்னொரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்கோர்ப் மால் பழைய சாமான் சந்தையில் ஒரு ஐரோப்பிய செட்டை விரித்து வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெரியவர், செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். மேலே எதையும் பார்க்கவில்லை. நேராகக் கவிழ்த்து சக்கரத்தில் கட்டை விரலை வைத்து உருட்டினார். "தம்பி, இது நம்ம வண்டி கிடையாது. தண்டவாளம் அகலமா இருக்கே" என்றார். உண்மைதான். அந்தச் செட் அசலில் 160இல் ஒரு பங்கு. ஒன்பது மில்லியை 160ஆல் பெருக்கினால் 1,440 மில்லி. நம் நாட்டு கேடிஎம் ரயில் ஓடுவதோ 1,000 மில்லி மீட்டர் கேஜில். அளவுகோல் எதுவும் இல்லாமல் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் என் போனில் இருந்த நீலப் பெட்டிகளைக் காட்டினேன். ஜப்பானில் ஓடிய 14 சீரிஸ் தூங்கும் பெட்டிகள். அவற்றில் சில பிறகு கேடிஎம்முக்கு வந்தன. "ஆமா, இதெல்லாம் இங்க வந்துச்சு" என்று முகம் மலர்ந்துவிட்டது மனுஷருக்கு. நம் ஊர்த் தண்டவாளத்தைத் தொட்ட வண்டி மட்டும்தான் என்று அதற்கு முன்பே வரம்பு வைத்திருந்தேன். ஷின்கான்சென் அதிவேக ரயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் கதவில் ஏறாது.

பட்டர்வொர்த் அக்கா

நான் ரயில் வைத்திருக்கவில்லை, ரயில் வைத்திருப்பவரை வைத்திருக்கிறேன். எழுதலாம்தானே?

காசைப் பற்றி எங்களுக்குள் சண்டை இல்லை. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அதனால் வண்டி வந்த டப்பா, உள்ளே இருக்கிற ஸ்பான்ஜ், நம்பர் ஸ்டிக்கர் தாள் வரை பத்திரமாக வைத்திருப்பார். டப்பா இல்லாத வண்டிக்குப் பாதி விலைகூடக் கேட்க மாட்டார்களாம். சண்டை எல்லாம் நேரத்தால் வருவது. இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டு வாரம் ஓட்டாமல் விட்டால் வண்டி விட்டு விட்டு நகரும். உடனே துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தண்டவாளம் முழுக்கத் துடைக்க வேண்டும், அப்புறம் சக்கரங்கள். ஞாயிறு காலை சந்தைக்குப் போகிற நேரத்தில்தான் அது நினைவுக்கு வரும். இப்போது மகளுக்கும் ஒரு துணி கொடுத்துவிட்டார். மீன் வாங்க நான் மட்டும் போகிறேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு செட் வாங்கும் காசை எடுத்து நாங்கள் எல்லாரும் இடிஎஸ்ஸில் கோலாலம்பூர் போய்வந்தோம். பெரிய ரயில்தானே, அவருக்கும் ஆட்சேபணை இல்லை. கெமரா மட்டும் ஜன்னலை விட்டு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

செந்தூல் பையன்

அண்ணே, நான் இன்னும் படிக்கிறேன், முன்பதிவுக்கெல்லாம் வழி இல்லை. பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். ஹபேக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1910இல் திறந்தது. கூரை மேலே இருக்கிற சின்னக் குவிமாடங்களுக்கு மணி விற்கிற கடையில் மர மணி வாங்கிப் பாதியாக அறுத்தேன், சில வெள்ளிதான் ஆனது. வளைவுகளை வெட்டத்தான் நாள் கணக்காகிறது. பிரச்சினை என்னவென்றால் மழை பெய்தால் அட்டைச் சுவர் வில்லாக வளைந்துவிடுகிறது. அப்பா "டிப்ளோமாவை முடி, அப்புறம் ஸ்டேஷன் கட்டு" என்கிறார். அட்டைக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

ஒன்பது மில்லி, செராஸ்

தம்பி, வெட்டியதும் ஒட்டுவதற்கு முன்பே கிளியர் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரத்தைக் குடித்து இன்னும் மோசமாக வளையும். உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து ஒட்டினால் பெரிய சுவர்கூட நிற்கும். சுவர்களை முடித்ததும் படம் போடுங்கள். அப்பா சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

அக்கா, துணியில் ஆல்கஹால் சொட்டச் சொட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பெயிண்டில் பட்டால் போச்சு.

ஆபீஸ் தம்பியைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: அந்த வண்டிகளில் சிலவற்றை விற்றுவிட்டார். ஒன்று இப்போது என் கதவில் ஓடுகிறது. நீலப் பெட்டிதான். தனிக் கணக்கிலிருந்துதான் கொடுத்தேன், மனைவிக்கும் தெரியும்.