அனைத்துலக விவகார அமைப்புகளில் இன்டர்ன்ஷிப்: சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடந்ததைப் பகிருங்கள்

கிராணி மகன்:

மனசை விட்டுப் போகாத ஒரு நேர்காணல். பிள்ளை நம்ம தோட்டப்புறம், அனைத்துலக உறவுகள் மூன்றாமாண்டு. கேஎல்-லில் (கோலாலம்பூரில்) இருக்கும் ஓர் அமைப்பு, ஜூமில் மூன்று பேர் கேட்கிறார்கள். உங்களுக்கு நெருக்கமான அனைத்துலகப் பிரச்சினை எது என்றதும் தென்சீனக் கடல் என்று ஆரம்பித்தாள், அப்படியே மனப்பாடம். அங்கே உரிமை கோரும் ஆசியான் நாடுகள் எவை என்றதும் இந்தோனேசியாவையும் சேர்த்துவிட்டாள். மலேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், புருணை, இந்த நான்குதான். தன் நத்துனா தீவுகள் பக்கம் சீனாவோடு உரசல் உண்டு, ஆனாலும் இந்தோனேசியா தன்னை உரிமை கோரும் நாடு என்று சொல்லிக்கொள்வதில்லை. திருத்தியதும் பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது.

முடிக்கிற நேரத்தில் ஒருவர், வீட்டில் என்ன வேலை என்று சும்மா கேட்டார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (கங்காணி) என்றாள். அதோடு நிற்காமல், இப்போ வங்காளதேசத் தொழிலாளர் விடுதியில் வரிசையாக இரும்பு லாக்கர் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு சாவி, பாஸ்போர்ட் அவரவர் கையில், முன்னே எல்லாம் ஆபிஸ் அலமாரியில்தான் இருக்கும் என்றாள். மூன்று பேரும் பேனாவை எடுத்தார்கள். அந்த லாக்கர் ஏன் வந்தது என்று கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

கட்டாய உழைப்புக்கு ஐ.எல்.ஓ. (அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு) 11 அடையாளங்கள் வைத்திருக்கிறது. அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பது அதில் ஒன்று. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்தது இந்தப் புகாரில்தான். 2022-இல் மலேசியா ஐ.எல்.ஓ.வின் கட்டாய உழைப்பு நெறிமுறையை ஏற்றது. இவ்வளவும் அந்த லாக்கருக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணால் பார்த்த பிள்ளை விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மலர், ஈப்போ:

அண்ணே, பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தைத்தான் பேசணும் என்று ஆக்கிவிடாதீர்கள். தென்சீனக் கடலைப் பேச அவளுக்கும் உரிமை உண்டு, படித்துவிட்டுப் பேசணும், அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகு மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ஒரு மூடிய வட்டமேசைக் கூட்டம், சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடந்தது. 1927-இலிருந்து இருக்கிற விதி: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பு என்று வெளியே தெரியக்கூடாது. குறிப்பெடுத்த தம்பி கெட்டிக்காரன், பெயரை எல்லாம் எடுத்துவிட்டான். பெயர் இருந்த இடத்தில் நாட்டைப் போட்டு 'தூதரக அதிகாரி ஒருவர்' என்று எழுதினான். அந்த நாட்டிலிருந்து வந்திருந்ததோ ஒரே ஆள்! வரைவைத் திறந்த ஆய்வாளர் அந்த வரியில் விரலை வைத்தபடி, அன்றைய இருக்கை வரைபடத்தை எடுத்து அவன் முன்னால் நகர்த்தினார். தம்பி முகம் வெளுத்துவிட்டது.

சுருக்கத்தைக் கருத்து வாரியாக எழுதணும், ஆள் வாரியாக எழுதினால் இப்படித்தான் ஆகும். 'சிலர் இப்படிக் கருதினர், வேறு சிலர் மறுத்தனர்', அதுக்கு மேல் போகக்கூடாது. பெயர் உள்ள கைக்குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிடணும். மண்டபத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும் அதே குற்றம், மேசையில் பெயரட்டை தெரியும்.

லோக்புக் சார்:

நீங்கள் இரண்டு பேரும் நேர்காணலையும் கூட்டத்தையும் பேசுகிறீர்கள். பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே கவிழ்கிறார்கள். ஒரு பையனுக்கு இடம் கிடைத்தது, அமைப்பு கொடுத்தது 12 வாரம், ஃபேகல்டி கேட்டது 24. சலுகைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்.ஐ. (பல்கலைக்கழகத் தொழிற்பயிற்சி) ஒருங்கிணைப்பாளர் அறை வாசலில் நின்றான். கடைசியில் சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியில் கோப்பு அடுக்கப் போனான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விண்ணப்பிக்கும் முன்பே எல்.ஐ. கையேட்டில் வாரக் கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழகக் கடிதத்தோடு அந்த எண்ணிக்கையை மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், கடைசியில் எழுதினால் எவர் கண்ணிலும் படாது. சின்ன அமைப்புகளில் மனிதவளப் பிரிவு என்று தனியாக இருக்காது. மேற்பார்வையாளரே ஆய்வாளர், அவர் மாநாட்டுக்கு ஜகார்த்தா போய்விட்டால் லோக்புக் (பயிற்சி வேலைக் குறிப்பேடு) கையெழுத்தில்லாமல் கிடக்கும். முதல் வாரத்திலேயே இரண்டாவதாகக் கையெழுத்துப் போடக்கூடியவர் யார் என்று கேட்டு, ஃபேகல்டிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். லோக்புக்கில் 'கூட்டத்துக்கு உதவினேன்' என்று எழுதினால் மதிப்பெண் வராது. எந்தத் தலைப்பு, எத்தனை பக்கச் சுருக்கம், எந்த மூலங்களைச் சரிபார்த்தது என்று எழுதணும். மூடிய கூட்டமென்றால் தலைப்போடு நிறுத்துங்கள், மலர் சொன்ன விதி லோக்புக்குக்கும் பொருந்தும்.

அப்புறம் பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள், கூச்சமே வேண்டாம். பல அமைப்புகளில் அலவன்ஸ் கிடையாது, இருந்தாலும் சிறு தொகைதான். சுங்கை சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், தினமும் போய்வர முடியாது. அறை வாடகை, முன்பணம், சாப்பாடு என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். மை50 அட்டை 50 வெள்ளிக்கு 30 நாள் ரேபிட் கேஎல் ரயில், பஸ் எல்லாம் ஏறலாம், கே.டி.எம். கொமுட்டர் புறநகர் ரயிலுக்குச் செல்லாது. அறை தேடும்போது எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. பாதையில் தேடுவது இதனால்தான். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று சலுகைக் கடிதம் வந்தவுடன் கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் இணைய லைன் விட்டுவிட்டுக் கிடைத்தால் ஆன்லைன் கூட்ட நாட்களுக்குப் பட்டணத்து நூலகத்தில் முன்கூட்டியே இடம் பார்த்து வையுங்கள்.

ஜாலோங் தங்கச்சி:

சின்ன அமைப்பு எதுக்கு, நேரா ஐ.நா.வுக்குப் போடு என்று ஓர் உறவுக்காரர் சொல்ல, இரண்டாமாண்டிலேயே விண்ணப்பித்துத் தள்ளுபடியான தோழி ஒருத்தி அழுதாள். ஐ.நா. செயலகத்துக்கு இளங்கலையின் கடைசி ஆண்டாவது இருக்கணும், இல்லை பட்டம் வாங்கி ஓராண்டுக்குள், இல்லை முதுகலை. சம்பளமும் இல்லை. ஐ.எல்.ஓ. உதவித்தொகை தருகிறது. சின்ன அமைப்பில் ஓர் ஆய்வுச் சுருக்கத்தில் பெயர் வந்தால் அது பிறகு எங்கும் காட்ட உதவும்.

கிராணி மகன்:

மலர், நீங்கள் சொல்வது நியாயம். தென்சீனக் கடலை விட்டுவிடச் சொல்லவில்லை. எழுத்து மாதிரி கேட்கிறார்கள் இல்லையா, அங்கே பிள்ளைகள் ஆசியான் 1967-இல் பேங்காக்கில் தொடங்கியது என்று முதல் பக்கத்தைக் கரைக்கிறார்கள். வாசிக்கிறவருக்கு அது தெரியும். முதல் வரியில் ஒரு கேள்வி, இரண்டாம் பத்தியில் ஒரு சான்று, கடைசியில் யார் என்ன செய்யலாம் என்று மூன்று பரிந்துரை. இரண்டு பக்கம் போதும்.

நம்ம ஊரிலேயே பொருள் குவிந்து கிடக்கிறது. 1948 ஜூன் 16-இல் இங்கே மூன்று துரைமாரை (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளை) கம்யூனிஸ்டுகள் சுட்டதுதான் மலாயா அவசரகாலம் அறிவிக்கக் காரணம், பனிப்போர் நம்ம தோட்டத்துக்குள் வந்த நாள் அது. 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்து வைத்த விஜயலட்சுமி பண்டிட், 1953-இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவரான முதல் பெண். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

லாக்கர் சொன்ன பிள்ளை அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பிக்கிறாள். அந்த 11 அடையாளங்களில் இரண்டை எடுத்து, விடுதியில் பார்த்ததோடு வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். தோட்டத்தின் பெயரையும் தொழிலாளர் பெயரையும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன், அப்பாவுக்கு அங்கே வேலை. வரைவைப் படித்துத் திருத்த ஆள் வேண்டும், மலர், நேரம் இருக்குமா?